ஒழுகும் பாத்திரமும் பற்றாசும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஊரிலிருந்து வந்த பித்தளைப் பாத்திரங்கள் இன்றும் உள. ஒழுகினால் கடையில் கொடுத்துப் பற்றவைக்கிறோம். எதனால் பற்றவைத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. கேட்டல் வேண்டும்.

காரீயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகத் தொடங்கும். நீர் 100 பாகையில் கொதிப்பதால், நீருள்ள வரையில் ஒட்டு நிற்கும். வற்றிக் காய்ந்தால் விட்டுவிடும். அதனினும் பெருங்கேடு ஒன்றுண்டு. புளிப்புப் பட்டால் காரீயம் உணவில் கரையும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

ஆகவே, சமையற் பாத்திரத்துக்குக் காரீயம் கலவாத பற்றாசே வேண்டுமென்று சொல்லிக் கொடுங்கள். உட்பூச்சுக்குத் தூய வெள்ளீயமே ஏற்றது. அதுவும் 232 பாகையில் உருகுமாதலால், ஈயம் பூசிய பாத்திரத்தையோ ரசம் வைக்கும் ஈயச்சொம்பையோ வெறுமையாக அடுப்பில் ஏற்றலாகாது.