பிளாஸ்டிக்கைத் துவைக்கும் ஆலை

2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியை அடுத்த பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ அடங்கப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிரிக்காமல் கொட்டியதற்கு ஊர் கொடுத்த விலை அது.

இன்று கொச்சியின் தேவராவில், ஹரித கர்ம சேனை என்ற குப்பை சேகரிப்புக் குழுவின் பெண்கள் வீடு தேடி வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். தண்ணீர் பாட்டில், பால் கவர், சிப்ஸ் பாக்கெட் எல்லாம் நமக்கு ஒரே பிளாஸ்டிக். மறுசுழற்சி ஆலைக்கு வெவ்வேறு சரக்கு. சிப்ஸ் பாக்கெட் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அதைப் பிரிப்பது கட்டுப்படியாகாது. பெரும்பாலும் சிமென்ட் ஆலை உலைக்குத்தான் போகும்.

பாட்டிலின் கதை வேறு. அதை மூடியோடு சேர்த்தே நறுக்கித் தொட்டியில் கொட்டுவார்கள். பாட்டில் 'பெட்' என்ற வகை, அடர்த்தி தண்ணீரைப் போல 1.38 மடங்கு, மூழ்கிவிடும். மூடித் துண்டுகள் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும், வழித்தெடுக்கலாம். சிக்கல் கூடவே கலந்து வரும் பிவிசி பிளாஸ்டிக்கால்தான். அதுவும் மூழ்கும். பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்குள் பிவிசி சிதைந்து அமில வாயுவைக் கக்கி, மொத்தச் சரக்கையும் மஞ்சளாக்கிவிடும்.

அதனால்தான் ஆலையை நவீனமாக்குகிறவர்கள் முதலில் அகச்சிவப்புக் கதிர் வைத்துப் பிரிக்கும் எந்திரத்தை வாங்குகிறார்கள். ஒவ்வொரு வகையும் கதிரை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். வேண்டாததை ஒரு காற்றுப் பீச்சல் பெல்ட்டிலிருந்து தள்ளிவிடும். கலப்படச் சரக்கு மட்டரக வாளியாகிறது, சுத்தமான பெட் மறுபடி பாட்டிலாகிறது. லாபம் இந்த வித்தியாசத்தில்தான். கெட்டியான பேக்கேஜிங்கில் 2025-26 முதல் குறைந்தது 30 விழுக்காடு மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2022ஆம் ஆண்டு விதி. ஆகவே வாங்க ஆள் உண்டு. கையால் பிரித்துப் பிழைத்தவர்களுக்கு என்ன வழி என்பதை எந்திரம் விற்பவர் சொல்லமாட்டார்.

ஃபோர்ட் கொச்சியின் சலவைக்கூடமான தோபிகானாவைப் போல இங்கும் பாதி வேலை தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் ஒரு நவீன மறுசுழற்சி ஆலையின் கழுவுநீரை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். வடிகட்டி இல்லாவிட்டால், வந்த பிளாஸ்டிக்கில் 13 விழுக்காடு வரை நுண்துகளாக நீரோடு போயிருக்கக்கூடும். வடிகட்டி பொருத்திய பிறகும் 6 விழுக்காடு வரை.

கொச்சியின் கால்வாய்கள் காயலில் கலக்கின்றன. காயல் மீன் நம் தட்டுக்கு வருகிறது. ஆலைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் பிரிக்கும் எந்திரத்தோடு வடிகட்டிக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.