கேட்பவர்கள் கரண்ட் பில் கட்டும் வானொலி

தென்காசிப் பக்கம் என் அப்பாவுக்கு மைக் செட் தொழில். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எது வந்தாலும் ஆம்ப்ளிஃபயரையும் குழாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். காலையிலிருந்து குழாயில் சினிமாப் பாட்டுதான். இரவு வில்லுப்பாட்டுக்காரர்கள் மேடை ஏறினால் குடத்துக்கு ஒன்று, வில்லுக்கு ஒன்று என்று தனி மைக் கட்டிக்கொடுப்பார். அதற்கு மட்டும் கூலி கேட்கமாட்டார். நம்மூர்க்காரன் பாட்டு கடைசி வீடு வரைக்கும் கேட்கவேண்டும் என்பது அவர் கணக்கு.

நான் பிழைக்க வந்தது ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்கு. எலக்ட்ரீஷியன் வேலை. வேலை முடிந்த சில மாலைகளில் ஃபார்ட்டிட்யூட் வேலி என்ற பகுதியில் உள்ள ஒரு வானொலி நிலையத்துக்குப் போகிறேன். 102.1 எஃப்.எம்., பெயர் ‘ஃபோர் ட்ரிபிள் ஸெட்’. ஊர்க்காரர்களுக்கு வெறும் ‘ஸெட்’. அறுந்த மைக் கேபிளைப் பற்றவைப்பது, கரகரக்கும் ஹெட்ஃபோன் சாக்கெட்டை மாற்றுவது என் பங்கு. இதற்குச் சம்பளம் கிடையாது. மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கும் கிடையாது. நிர்வாகத்தைக் கவனிக்கும் மிகச் சிலரைத் தவிர அங்கே எல்லோரும் தன்னார்வலர்கள்.

போனில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “எல்லாரும் சும்மா வேல பாத்தா கரண்டு பில்லு யாருலே கட்டுதா?” என்று கேட்டார். தொழில்காரர் கேட்கிற கேள்வி.

“கேக்கவங்கதாம்பா கட்டுதாவ” என்றேன்.

அதுதான் உண்மை. ஆண்டுதோறும் ‘ரேடியோதான்’ என்று ஒரு சந்தா இயக்கம் நடக்கும். நாள் முழுக்க அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு நடுவே சந்தா கட்டச் சொல்லிக் கேட்பார்கள். மாணவருக்கு ஒரு தொகை, சம்பளக்காரருக்கு ஒரு தொகை, இசைக்குழுக்களுக்கு ஒரு தொகை. வளர்த்த நாய் பூனையின் பெயரில் சந்தா கட்டுகிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியச் சட்டப்படி ஸெட் போன்ற சமூக வானொலி விளம்பரம் போடக்கூடாது. ஆதரவு தருகிறவரின் பெயரைச் சொல்லி அறிவிக்கலாம், அதுவும் மணிக்கு 5 நிமிடத்துக்கு மேல் கூடாது. இப்படி நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட சமூக வானொலிகள் ஓடுகின்றன. பிரிஸ்பேனிலேயே ‘ஃபோர் ஈ.பி.’ என்ற நிலையம் பல மொழிகளில் ஒலிபரப்புகிறது, தமிழும் அவற்றில் ஒன்று.

விளம்பரம் இல்லாததால் என்ன லாபம்? வணிக வானொலிக்கு, கேட்கிறவர் நிலையத்தை மாற்றிவிடக்கூடாது என்ற கவலை நிமிடத்துக்கு நிமிடம் உண்டு. அதனால் ஏற்கெனவே எல்லோருக்கும் பிடித்துப்போன பாட்டையே சுற்றிச் சுற்றிப் போடும். யாரும் இதுவரை கேட்டிராத பாட்டை முதல் தடவை போட அங்கே யாருக்கும் துணிச்சல் வராது. அந்த முதல் தடவைக்காகவே ஸெட் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஒரு மாலை ஸ்டுடியோ மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கேபிள் முனையைப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். மூன்று ஊசி முனை. ஈயத்தைச் சூடாக்காதே, இணைப்பைச் சூடாக்கு, ஈயம் தானாக ஓடிவந்து உட்காரும் என்பது அப்பாவின் பாடம். பக்கத்து ஸ்டுடியோவிலிருந்து ஒலிபரப்பு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் ஒரு புதுப் பாட்டைப் போட்டார். வீட்டுக் கார் ஷெட்டில் பதிவு செய்தது என்று கேட்டவுடனே தெரிந்தது. டிரம்ஸ் எதிரொலித்தது, பாடுகிற பெண்ணின் குரல் கிதாருக்குப் பின்னால் பாதி மறைந்து கிடந்தது. ஆனால் அந்தக் குரலில் ஒரு வேகம் இருந்தது, கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். பாட்டு முடிந்ததும் குழுவின் பெயர், எந்தப் புறநகர்க்காரர்கள், சனிக்கிழமை எந்த மதுக்கூடத்தில் வாசிக்கிறார்கள், டிக்கெட் எவ்வளவு என்று நான்கே விவரம் சொன்னார் அறிவிப்பாளர். வேறு புகழ்ச்சி ஒன்றும் இல்லை.

அந்த நான்கு விவரத்தில்தான் உள்ளூர் இசையின் பிழைப்பே இருக்கிறது. பாட்டைக் கேட்டவரில் இருபது பேர் சனிக்கிழமை போவார்கள். இருபது டிக்கெட் விற்றால் மதுக்கூடக்காரர் அடுத்த மாதமும் கூப்பிடுவார். ஒலிபரப்பான பாட்டுக்கு உரிமைத்தொகை வாங்கித் தரும் ‘ஆப்ரா’ என்ற அமைப்பும் ஆஸ்திரேலியாவில் உண்டு. தொகை சொற்பம்தான். ஆனால் தான் எழுதிய பாட்டுக்கென்று வரும் முதல் காசை எந்தப் பாடகரும் சொற்பம் என்று நினைக்கமாட்டார்.

அகில இந்திய வானொலியைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது புதிது. திருநெல்வேலி நிலையம் எங்கள் பக்கத்து வில்லுப்பாட்டை ஒலிபரப்பியது, அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அங்கே பாட வேண்டுமென்றால் குரல் தேர்வு, பிறகு பி, பி உயர்நிலை, ஏ என்று தரவரிசை. தேறியவருக்கே மைக். ஸெட்டில் தேர்வு இல்லை. பதிவை அனுப்பினால் இசைப் பிரிவுத் தன்னார்வலர்கள் கேட்பார்கள், பிடித்த அறிவிப்பாளர் தன் நிகழ்ச்சியில் போடுவார். பிடிக்கவில்லை என்றால் இன்னொரு அறிவிப்பாளருக்குப் பிடிக்கலாம்.

இந்த நிலையம் தொடங்கிய காலம் லேசானதல்ல. 1975 டிசம்பர் 8, நண்பகல். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடத்திலிருந்து ‘தி ஹூ’ குழுவின் பாட்டோடு ஒலிபரப்பு ஆரம்பித்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் பிரதமர் விட்லம் பதவிநீக்கம் செய்யப்பட்டிருந்தார். அவருடைய அரசுதான் இப்படிப்பட்ட புது நிலையங்களுக்கு வழிவிட்டது. தேர்தலுக்கு ஐந்தே நாள் இருந்தது. அடுத்து வரும் அரசு என்ன செய்யுமோ என்ற பயத்தில், அதற்குள் காற்றில் ஏறிவிட வேண்டும் என்று மாணவர்கள் பாடுபட்டார்கள்.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் அப்போது ஜோ பியெல்கே பீட்டர்சன் முதல்வர். 1968 முதல் 1987 வரை அவர் ஆட்சி. 1977-ல் அரசியல் ஊர்வலங்களுக்கே தடை போட்டார். அந்த அக்டோபரில் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இளைஞர்கள் கூடினாலே போலீஸ் வரும் ஊரில் இசைக்குழுக்கள் எங்கே வாசிப்பது? ‘தி செயின்ட்ஸ்’ குழுவினர் பெட்ரி டெரஸ் சாலையில் தாங்கள் குடியிருந்த வீட்டையே அரங்கமாக்கி ‘கிளப் 76’ என்று பெயர் வைத்தார்கள். 1976-ல் சொந்தக் காசில் ஒரு இசைத்தட்டு போட்டு இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். லண்டன் பத்திரிகை ஒன்று அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பிறகுதான் ஆஸ்திரேலியக் கம்பெனிகள் அவர்களைத் திரும்பிப் பார்த்தன. சொந்த ஊரில் சொந்த ஊர்க்காரரைக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஸெட் அந்த வேலையைக் கையில் எடுத்தது. பாட்டைப் போட்டதோடு நிற்காமல் கச்சேரிகளையும் தானே நடத்தியது. போலீஸ் அத்துமீறலை, மற்றவர்கள் தொடத் தயங்கிய செய்திகளை ஒலிபரப்பியது. 1980களில் முர்ரி மக்கள், அதாவது குவீன்ஸ்லாந்தின் பூர்வகுடிகள், தங்கள் நிகழ்ச்சியைத் தாங்களே நடத்தினார்கள். 1993-ல் அவர்களுக்கென்றே தனி நிலையம் வந்தது. சிறையில் இருப்பவர்களுக்கும் ஸெட்டில் ஒரு நிகழ்ச்சி உண்டு. வெளியே இருக்கும் குடும்பம் சொல்லச் சொன்ன சேதியும் கேட்ட பாட்டும் அதில் போகும்.

1988 டிசம்பரில் மாணவர் சங்கத்தின் புது நிர்வாகம் நிலையத்தைக் காலிசெய்ய முடிவெடுத்தது. விடியுமுன் ஆட்கள் உள்ளே நுழைந்து ஒலிபரப்பை நிறுத்தினார்கள். செய்தி பரவி ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு நிலையத்தை மீட்டார்கள். ஆனாலும் அந்த இடம் நிலைக்கவில்லை. டூவாங் என்ற பகுதியில் தற்காலிகமாகக் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1990களின் தொடக்கத்தில் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமாக இருந்த இப்போதைய ஃபார்ட்டிட்யூட் வேலிக் கட்டடத்தைச் சொந்தமாக வாங்கினார்கள். ஸெட்டின் சரித்திரத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தக் கிரயம்தான். அடுத்தவர் இடத்தில் இருக்கும்வரை எவ்வளவு நல்ல நிலையத்துக்கும் சுவிட்ச் வேறொருவர் கையில்.

இப்படி ஒரு நிலையம் நடத்தத் தமிழ்நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் சமூக வானொலியே சென்னையின் அண்ணா எஃப்.எம்.தான், 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கியது. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் தருகிறார்கள். நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி கடலோர மக்களுக்காக நடக்கிறது. சொந்தமாகச் செய்தி சொல்ல மட்டும் அனுமதி இல்லை, ஆகாசவாணிச் செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். பாட்டுக்கு அந்தத் தடை கிடையாது. எங்கள் பக்கத்து நையாண்டி மேளக்காரர், கணியான் கூத்துக்காரர், கல்லூரி விடுதியில் கானா கட்டும் பையன் எல்லோரையும் வாரம் ஒரு மணி நேரம் கூப்பிட்டு உட்காரவைக்க யார் அனுமதியும் வேண்டாம். கொடை எங்கே, என்றைக்கு, எந்தக் குழு என்று கடைசியில் ஒரு அறிவிப்பு போதும்.

ஆண்டு முடியும்போது ஸெட் நேயர்கள் அந்த ஆண்டின் பாட்டுகளுக்கு ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய நூறு பாட்டும் ஜனவரி 1 அன்று வரிசையாக ஒலிக்கும். உலகப் புகழ் பெற்ற குழுக்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பக்கத்துத் தெருக் குழுக்கள் மேலே ஏறிவருவதைக் கேட்கலாம். இணையத்திலும் ஓடும். தென்காசியைவிட இங்கே நாலரை மணி நேரம் முந்துகிறது, அப்பா அதைக் கழித்துக் கணக்குப் போட்டு வைத்துக்கொண்டுவிட்டார். அந்தக் கார் ஷெட் பாட்டுக்கு என் ஓட்டு விழுந்தாயிற்று.