பாரம் கூடவில்லை, குழாய் வெடித்தது

1985ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள மொஹாவி அனல் மின் நிலையத்தில் நீராவிக் குழாயொன்று வெடித்தது. ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வழமைக்கு மாறான அழுத்தம் எதுவும் அந்தக் குழாயில் ஏற்றப்பட்டிருக்கவில்லை. நிலையம் இயங்கத் தொடங்கி 14 ஆண்டுகளே ஆகியிருந்தன.

வீட்டில் நைலோன் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுபவர்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு நாளும் அதே பாரம்தான். ஆனாலும் சில மாதங்களில் கொடி தொய்ந்துவிடும். உருக்கு சாதாரண வெப்பத்தில் இப்படி இழுபடுவதில்லை. 500 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில் வருடக்கணக்காக அழுத்தத்தைத் தாங்கும்போது அதுவும் மெல்ல இழுபடுகிறது. பொறியியலாளர்கள் இதனை 'கிரீப்' என்பர். தமிழில் ஊர்வு எனலாம். உலோகத்தின் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் தோன்றும். அவை வரிசையாகச் சேர்ந்து நுண்வெடிப்புகளாகும். மொஹாவியில் குழாய் பிளந்தது அதன் நீளவாக்கில் இருந்த வெல்டிங் வழியே.

அப்படியானால், ஒரு குழாய்க்கு இன்னும் எவ்வளவு ஆயுள் இருக்கிறது?

முதலில் கணக்கு. வெப்பநிலையையும் நேரத்தையும் ஒரே சமன்பாட்டில் இணைக்கும் முறையை லார்சன், மில்லர் என்ற இருவர் 1952இல் வெளியிட்டனர். அதன்படி, 540 பாகையில் ஒரு இலட்சம் மணித்தியாலம், அதாவது பதினொரு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகத் தாங்கும் உருக்கு, பத்துப் பாகை கூடினாலே ஏறத்தாழ அரைவாசிக் காலந்தான் தாங்கும். பத்துப் பாகை! ஆகவே வெப்பப் பதிவேடு பிழைத்தால் கணக்கும் பிழைத்துவிடும்.

அதனால் நேரடியாகவும் பார்க்கிறார்கள். நிலையத்தை நிறுத்தி, குழாயின் மேற்பரப்பைக் கண்ணாடிபோல மினுக்கி, அமிலம் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சு எடுத்து நுணுக்குக்காட்டியில் துளைகளைத் தேடுகிறார்கள். ஆனால் வெல்டிங்கில் சேதம் சுவரின் உள்ளேயே தொடங்கவும் கூடும். மேற்பரப்பின் அச்சில் அது தெரியாது. அதற்கு மீயொலிச் சோதனை வேண்டும்.

இலங்கையில் 900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலையின் முதல் அலகு 2011இல் இயங்கத் தொடங்கியது. அதற்கும் 14 வயது கடந்துவிட்டது. அங்குள்ள குழாய்களும் மொஹாவியைப் போன்றவை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் போருக்குப் பின் தேசிய மின்வலையமைப்புடன் மீண்டும் இணைக்கப்பட்ட யாழ்ப்பாணமும் இன்று அந்த நிலையத்தில் தங்கியிருக்கிறது. அங்கு இயந்திரம் நின்றால் மின்சாரம் எப்போது வரும் என்று மட்டுமே நாங்கள் செய்தியாளர்கள் கேட்கிறோம். நீராவிக் குழாய்கள் எத்தனை பாகையில் எத்தனை மணித்தியாலம் உழைத்தன, கடைசியாக எப்போது அச்சு எடுக்கப்பட்டது என்றும் கேட்கலாம்.