கணிப்பொறிக்குள் ஒரு வாய்க்கால்

மாணவர்களே, திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய டீசல் எஞ்சின் பம்புசெட் ஓடுவதைப் பார்த்ததுண்டா? கிணற்று நீர் பெரிய குழாய் வழியே வாய்க்காலில் கொட்டும். அதிலிருந்து பிரியும் ஒரு சிறு குழாய் எஞ்சினுக்குள் சென்று, வெதுவெதுப்பான நீராக மறுபக்கம் விழும். எஞ்சினின் சூட்டை அந்த நீர் சுமந்து வருகிறது. இதே உபாயத்தைக் கணிப்பொறிக்கும் செய்யலாம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய மேசைக் கணிப்பொறி உண்டு. அதன் மையச் செயலி 2007இல் வெளிவந்த இன்டெல் கியூ6600. தீப்பெட்டியைவிடச் சிறிய அந்தச் சதுரம் முழு வேலையில் சுமார் 105 வாட் வெப்பத்தை வெளிவிடும். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இது புரியும். கோடை வந்ததும் அது சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. "தண்ணீர் விட்டுக் குளிரவைக்கலாமா சார்?" என்று மாணவர்கள் கேட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலை 1 டிகிரி உயர ஏறத்தாழ 4,180 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கோ 1.2 ஜூல்கூடத் தேவையில்லை. 105 வாட் என்றால் நிமிடத்துக்கு 6,300 ஜூல். நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் ஓடினால், நீர் சூடாவது 1.5 டிகிரி மட்டுமே! செயலியின்மேல் ஒரு செப்புப் பெட்டி, ஒரு சிறு பம்பு, ரப்பர்க் குழாய்கள், விசிறி வைத்த ரேடியேட்டர் – இவ்வளவுதான் கருவி. புனேயின் ஐசர் நிறுவனத்திலுள்ள பரம் பிரம்மா என்னும் மீக்கணிப்பொறியையும் நீர்தான் குளிர்விக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். நீர் வெப்பத்தை அழிப்பதில்லை. ரேடியேட்டர்வரை தூக்கிச் செல்கிறது, அவ்வளவே. அங்கே அதை வாங்கிக்கொள்வது அறைக் காற்றுதான். மே மாதத்தில் அறையே 37 டிகிரி என்றால், எத்தனை விலையுள்ள ரேடியேட்டராலும் நீரை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது.

ஆகவே முதலில் பழைய விசிறியைக் கழற்றினோம். அடியிலிருந்த அலுமினியத் தகடுகளுக்கிடையே தூசி கம்பளிபோல் அடைத்திருந்தது. செயலிக்கும் தகட்டுக்கும் நடுவே தடவும் வெப்பப் பசை சுண்ணாம்புபோல் காய்ந்து உதிர்ந்தது. சுத்தம் செய்து புதுப்பசை தடவியதும் பாதி வியாதி தீர்ந்துவிட்டது! உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். இருந்தாலும் மாணவர்கள் விடவில்லை, எனக்கும் ஆசைதான்.

வாங்கிய புதுப்பெட்டி பொருந்தவில்லை. பழைய தாய்ப்பலகையில் திருகுத் துளைகளின் இடைவெளி 72 மில்லிமீட்டர். பிந்தியவற்றில் பல 75. மூன்று மில்லிமீட்டருக்காக ஒரு வாரம் போயிற்று. பழைய அளவுக்கான பிடிமானச் சட்டத்தைத் தேடிப்பிடித்து மாட்டினோம்.

அடுத்து, ஒருவன் அவசரப்பட்டுக் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டான். நம் ஊர் ஆழ்குழாய் நீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்: வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். செப்புப் பெட்டிக்குள் இருக்கும் தலைமுடி போன்ற சந்துகளில் அது படிந்தால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, பேட்டரிக்கு விடும் வடிநீரும் துருத்தடுப்பு மருந்தும் ஊற்றினோம். ரேடியேட்டரும் செம்பாலானதாகவே பார்த்து வாங்கியிருந்தோம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் இருந்தால், நீங்கள் படித்த வோல்டா மின்கலம் அங்கே உருவாகி, அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும்.

பெரிய பயம் கசிவு. 2004இல் ஆப்பிள் வெளியிட்ட திரவக் குளிர்ப்பு பவர் மேக் ஜி5 கணிப்பொறிகளில் சில, பின்னாளில் கசிந்து பழுதாயின. எனவே கணிப்பொறிக்கு மின்சாரம் கொடுக்காமல், பம்புக்கு மட்டும் தனி மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாளை விரித்து, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டோம்.

மறுநாள் காலையில் தாளில் ஒரே ஓர் ஈரப்பொட்டு இருந்தது, பம்பின் கீழே. அந்தக் கிளிப்பை இறுக்கிவிட்டு, மீண்டும் ஒரு நாள் காத்திருந்தோம். இந்த முறை தாள் காய்ந்தே இருந்தது. அதற்குப் பிறகுதான் கணிப்பொறியின் சுவிட்சைப் போட்டோம்.