ஓலைக் கொட்டிலில் ஒரு பாலர் வகுப்பு

“கொஞ்ச நாளிலை ஊருக்குப் போகப் போறம், இந்தக் கொட்டிலுக்கு என்னத்துக்குச் சோடினை?” முன்பள்ளி தொடங்கப் போன இடமெல்லாம் தாய்மார் எம்மிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதே, இனி இங்கேதான் என்று ஒப்புக்கொள்வது போல அவர்களுக்குப் படுகிறது. ஆனால் ‘கொஞ்ச நாள்’ எவ்வளவு நீளும் என்பது எமது மக்கள் பட்டறிந்த விடயம். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்களிற் பலர் கால் நூற்றாண்டு கழிந்த பின்பும் நலன்புரி நிலையங்களிலேயே இருந்தனர். அன்று தாயின் இடுப்பில் வந்த பிள்ளை, அதே நிலையத்தில் தன் பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிவந்ததையும் கண்டிருக்கிறோம். மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. 2009இல் மூன்று வயதில் உள்ளே போன பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போகும் வயதை அடைந்துவிட்டது.

ஆகவே வகுப்பைச் சோடிக்கத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. திறப்பு விழாவுக்காக முகட்டிலிருந்து நாலு மூலைக்கும் கிறேப் கடதாசி இழுத்து, பலூன் கட்டி, கடைப் படங்கள் ஒட்டியிருந்த ஒரு வகுப்புக்கு நாம் மறுமாதம் போனோம். கடதாசி ஈரத்தில் சாயம் இறங்கித் தொங்கியது. படங்கள் விருந்தினரின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. பிள்ளைகள் அவற்றை அண்ணாந்தும் பார்க்கவில்லை. கிடைத்த பணம் அன்றைய புகைப்படத்தோடு முடிந்துவிட்டது. இதில் உதவி வழங்கும் எம்போன்றவர்களுக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு வேண்டியது வேறு. வீடு, கிணற்றடி, நாய்க்குட்டி, படுக்கும் மூலை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டு வந்த பிள்ளை அது. நேற்று வைத்த பொருள் இன்றும் அதே இடத்தில் இருக்கக் காண்பது அதற்குப் பெரிய ஆறுதல். எனவே ஒழுங்கை முதலிலும் நிறத்தைப் பிறகும் பார்ப்போம்.

முதல் வேலை, பிள்ளைக்கென்று ஓர் இடம் கொடுப்பது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பெயர் எழுதிப் பயனில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளத்தைத் தெரிவு செய்யுங்கள்: வேப்பிலை, மீன், கொக்கு, குடம், மாட்டுவண்டிச் சில்லு. அதைப் பால்மாப் பெட்டியின் மட்டையில் வரைந்து, பிள்ளை பை கொழுவும் கவைத்தடிக்கு மேலும், அது இருக்கும் ஓலைத்தடுக்கிலும், அதன் தண்ணீர்க் கோப்பையிலும் இடுங்கள். படத்துக்குக் கீழே பெயரையும் எழுதிவைத்தால் பிள்ளை காலப்போக்கில் அதைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். ஒரு முன்பள்ளியில் தாய்மார் கேட்டதற்கிணங்க, பெயருக்குக் கீழே சொந்த ஊரின் பெயரும் எழுதப்பட்டது. அதன் பிறகு சோடினை வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

பதினைந்து பிள்ளைகளுக்கு 20 அடி நீளமும் 15 அடி அகலமுமான கொட்டில் தாராளம். சுற்றிவர இரண்டரை அடிக்கு மண்சுவர் எழுப்பி, மேலே காற்றுக்கு விடுங்கள். மழை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் கிடுகுத் தட்டி கட்டலாம். எழுந்து நின்றால் வெளியே தாயைக் காணலாம் என்று தெரிந்த பிள்ளை விரைவில் அழுகையை நிறுத்தும். மணி விடயத்திலும் கவனம் தேவை. 2009இல் முகாம் வகுப்பொன்றில், தண்டவாளத் துண்டில் அடித்த மணிச் சத்தம் கேட்டுச் சில பிள்ளைகள் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கைதட்டிப் பாட்டுப் பாடி அழைக்கும்படியே ஆசிரியைகளுக்குச் சொல்லி வருகிறோம்.

நாலு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ மூன்றேகால் அடி. அதன் கண் மூன்றடிக்குச் சற்று மேலோ கீழோ இருக்கும். படங்களைக் கட்ட வேண்டிய உயரம் அதுதான். அரைச்சுவரில் இடம் காணாவிட்டால் தூணுக்குத் தூண் கயிறு கட்டி, ஈர்க்கைப் பிளந்து கவ்வியாக்கிப் படங்களைத் தொங்கவிடலாம். கடைப் படங்களில் அப்பிளும் கரடியும் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு மண்வெட்டியும், சுளகும், உழவு இயந்திரமும், நெல்லுக் கதிரும் தெரியும். வயலே காணாமல் வளரும் பிள்ளைக்குத் தகப்பன் அவற்றை வரைந்து காட்டட்டும். கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. பிள்ளைகள் கீறியவற்றையும் கட்டாயம் தொங்கவிடுங்கள். எல்லாச் சமயப் பிள்ளைகளும் வரும் வகுப்பு என்பதால், சுவாமி படங்களால் கயிற்றை நிரப்ப வேண்டாம் என்பது எமது கருத்து. நத்தார் குடிலில் மிஞ்சிய நிறக்கடதாசி மட்டும் இங்கே மிகவும் உதவும்.

கரும்பலகைக்குப் பழைய ஒட்டுப்பலகைத் துண்டு போதும். சிரட்டைக் கரியை நன்றாக அரைத்துக் கோவை இலைச் சாறு விட்டுக் குழைத்து, இரண்டு மூன்று தரம் பூசிக் காயவிடுங்கள். நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் முன்பு செய்ததுதான். பழைய பற்றறியை உடைத்து அதன் கரியை எடுக்க வேண்டாம், அது நஞ்சு. சுவருக்கு வெண்மை சுண்ணாம்பிலும், சிவப்பு செம்மண்ணிலும், நீலம் உடுப்புக்குப் போடும் நீலத்திலும் கிடைக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், பிள்ளைகள் வராத நாளிற் பூசுங்கள். ஒட்டுவதற்குக் கோதுமைமாப் பசை நல்லது, ஆனால் கரப்பான் வரும். அதைத் தடுக்கத் துருசு கலக்கும் வழக்கம் பாலர் வகுப்புக்கு உகந்ததல்ல. பசையை மெல்லியதாகப் பூசி, மிச்சத்தை வீசிவிடுங்கள்.

விளையாட்டுப் பொருள் வைக்கும் தட்டுக்குத் தச்சன் தேவையில்லை. சுவரோரமாக ஒன்றரை அடி உயரத்தில் மண்குந்து கட்டிச் சாணியால் மெழுகினால் அதுவே தட்டு. இது தாழ்வாக இருப்பதில் விடயம் உண்டு. 1907இல் உரோமாபுரியின் சான் லொறன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் மரியா மொன்ரிசோரி அம்மையார் தமது முதல் பாலர் இல்லத்தைத் தொடங்கியபோது, பொருட்கள் பூட்டிய அலுமாரியில் இருந்தன. ஒரு நாள் ஆசிரியை அதைப் பூட்ட மறந்துவிட்டார். அவர் வந்து பார்த்தபோது, பிள்ளைகள் தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அதன் பின்னர்தான் தாழ்ந்த, திறந்த தட்டுக்கள் அங்கே வந்தன. நன்கொடையாக வந்த சாமான்களை உடைந்துவிடும் என்று பூட்டிவைக்கும் ஆசிரியைகள் இன்றும் உண்டு. உடையட்டும், உடையாமலே கறையான் அரித்த பெட்டிகளையும் பார்த்திருக்கிறோம்.

குந்தில் வைக்கப் பனையோலைக் குட்டானும் சிறு பெட்டிகளும் போதும். ஒன்றில் சிரட்டைகள், ஒன்றில் சோடா மூடிகள், ஒன்றில் நூல்தீர்ந்த கட்டைகள், ஒன்றில் துணித்துண்டுகள். எந்தப் பெட்டியில் எது என்று முகப்பிலேயே ஒரு மாதிரியைக் கட்டிவிட்டால், பிள்ளை தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கும். தச்சுவேலைத் தளத்தில் வீசும் மரத்துண்டுகளை உரஞ்சுதாளால் தேய்த்துவிட்டால் அருமையான கட்டடக் கட்டைகள். பிசைந்து விளையாட மாவும் உப்பும் சேர்த்துக் குழைக்கச் சொல்லிச் சில கைநூல்கள் கூறும். நிவாரணமாகக் கிடைத்த மாவைப் பிள்ளை விளையாடக் கொடுக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? குளத்துக் களிமண்ணில் கல் பொறுக்கி, ஈரச்சாக்கால் மூடிவையுங்கள். நாட்கணக்கில் பதமாக இருக்கும்.

இடம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீட்டு மூலையை விட்டுவிடாதீர்கள். ஒரு பாய், மூன்று கல் அடுப்பு, சிறு மண்சட்டி, அகப்பை, கிழிந்த சேலையால் ஒரு மறைப்பு. பிள்ளைகள் அங்கே சமைப்பார்கள், பிறகு திடீரென்று எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். பார்க்க எமக்கு நெஞ்சு அடைக்கும். அதைத் தடுக்க வேண்டாம், “அப்பிடி விளையாடாதை” என்று சொல்லவும் வேண்டாம். கண்டதை விளையாடித்தான் பிள்ளை தாங்கிக்கொள்கிறது. மூட்டை கட்டியவர்கள் சிறிது நேரத்தில் இன்னொரு மூலையில் மூட்டையை அவிழ்த்து உலை வைப்பதையும் ஆசிரியை காண்பார்.

பொருள் சேர்க்கும்போது சில எச்சரிக்கைகள். குன்றிமணி, ஆமணக்கு விதை, அலரி எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது, எல்லாம் நஞ்சு. மூன்று வயதினருக்குப் புளியங்கொட்டை போன்ற சிறு விதைகளைக் கொடுத்தால் மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். பூச்சிமருந்துப் போத்தலை எத்தனை தரம் கழுவினாலும் எடுக்காதீர்கள். ரின்களின் விளிம்பைத் தட்டி மடியுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிகளுக்குள் ஓலை, தடி எடுக்கப் போகவும், இன்னதென்று தெரியாத இரும்பைத் தொடவும் வேண்டாம்.

கையிற் பணம் கொஞ்சம் இருந்தால் முதலில் மூடியும் குழாயும் உள்ள தண்ணீர்ப் பாத்திரம் வாங்குங்கள். அடுத்தது நல்ல கயிறு, பிறகு வெண்கட்டியும் மெழுகு வர்ணக்கோல்களும், முனை மழுங்கிய கத்தரிக்கோல் இரண்டும். கடைசியாக ஒரு தகர ரங்குப்பெட்டி. படங்களும் அடையாள மட்டைகளும் வர்ணங்களும் அதற்குள் அடங்கவேண்டும்; அடங்காத எதையும் வாங்க வேண்டாம். கழுவிய மாப்பைகளில் சட்டைப்பைகள் போலத் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டால், வெள்ளம் வந்தாலும் ஊருக்குப் போகும் செய்தி வந்தாலும் பாயைப்போலச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். போகும் இடத்தில் முதல் நாளே கயிற்றைக் கட்டி, ஒவ்வொரு பிள்ளையின் அடையாளத்தையும் பழைய வரிசைப்படியே தொங்கவிடுங்கள்.