கடற்படையின் போர்விமானங்கள்

கடலுக்குத் தூரமான சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட், மேட்டூரில் அலுமினியமாக உருமாறிவந்த காலத்தில், அவ்வுலோகத்தையே பிரதான தேகமாகக் கொண்ட ஸீ ஹாக் ஜெட் விமானங்கள், கொதிகலன் ஒன்று பிளவுற்று வேகம் குன்றியிருந்த விக்ராந்த் என்னும் இந்திய விமானந்தாங்கிக் கப்பலினின்றும் எழும்பி, 1971 டிசம்பர் 4ஆம் தேதியன்று அந்நாளைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. 1983இல் வந்த ஸீ ஹாரியர், செங்குத்தாக இறங்கும் அபூர்வ சாமர்த்தியத்தோடு 2016 வரை சேவை செய்தது. பின்னர் அதன் ஸ்தானம் மிக்-29கே விமானத்துக்குச் சென்றது. எனினும் நம் தமிழகத்தார்க்கு மிக நெருங்கியது, 1992 முதல் அரக்கோணத்து ராஜாளி தளத்திலிருந்து, எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறிகள் நான்கு எஞ்சின்களிலும் முழங்க, நீர்மூழ்கிகளைத் தேடி மணிக்கணக்காக ஆகாயத்தில் சஞ்சரித்து, 2017இல் ஓய்வுபெற்ற டியூ-142 என்னும் பிரம்மாண்டமான ருஷ்ய விமானமேயாம்.