திருவிழா இல்லாத ஒரு நாள்

கொடியேற்றம், பால்குடம், தீமிதி, தேரோட்டம் ஆகியவற்றிற்கு நிழற்படம் உண்டு, அழைப்பிதழ் உண்டு, உபயகாரர் பட்டியலும் உண்டு. ஆயின், அவ்விழாவிற்காக உழைத்துக் காசு சேர்த்த எஞ்சிய நாள்களுக்கு என்ன சான்று உண்டு? மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில், 1960ஆம் ஆண்டு வாக்கில், விழாவும் விருந்தும் இல்லாத ஒரு சாதாரண நாள் எவ்வாறு கழிந்தது என்பதை இன்றைய இளைஞர் அறிய விரும்பினால், அவர் மூன்று வாயில்களைத் தட்ட வேண்டும். அவை ஆவணம், நினைவு, கலை என்பனவாம்.

1957இல் தொடங்கப்பெற்ற தேசிய ஆவணக் காப்பகத்தில் அரசாங்க ஏடுகள் பேணப்படுகின்றன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களின் பழைய பிரதிகளும் துணை செய்யும். இவற்றினும் நெருக்கமான சான்று தோட்டத்துச் செக்ரோல் புத்தகமாகும். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு சம்பளம் பெற்றார் என்பதை அது கூறும். பல தோட்டங்களில் கோயிலுக்கென மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்த சிறு தொகையையும் காட்டும். ஆனால், ஒருத்தி வேலைக்கு வராத நாளில் அவள் பிள்ளைக்குக் காய்ச்சலா என்பதை அப்புத்தகம் சொல்லாது.

அதைச் சொல்ல வல்லவர்கள் முதியோரே. “அக்காலம் எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால், ஜப்பானியர் காலத்துத் துயரமும் திருவிழாக் கோலாகலமுமே முதலில் வரும். “மணி அடித்ததும் எழுந்து முதலில் என்ன செய்தீர்கள், பாட்டி?” என்று கேட்டால் அன்றாட வாழ்வு வெளிவரும்.

முதியோரின் சொல்லைப் பிழையென்று தள்ளிவிடுவதும் தவறு. “ஆறரை மணிக்கே பொலபொலவென்று விடிந்துவிடும்” என்று ஒரு தாத்தா கூறினால், பேரனுக்கு ஐயம் எழலாம். இன்று அந்நேரம் இருட்டாகவே உள்ளது. 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. அன்றைய ஆறரை இன்றைய ஏழு மணியாகும். ஜப்பானியர் ஆட்சியிலோ தோக்கியோ நேரமே கடைப்பிடிக்கப்பட்டதால், கடிகாரத்தில் எட்டு மணியளவில்தான் பொழுது விடிந்தது. தாத்தாவின் நினைவு சரியானதே.

மூன்றாவது வாயில் கலை. தோட்டத்துப் பெண்கள் பாடிய தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் ஆண்டு, தேதி கூறுவதில்லை. களைப்பையும் ஏக்கத்தையும் கூறுகின்றன. தமிழக எழுத்தாளர் அகிலனின் ‘பால்மரக் காட்டினிலே’ நாவலும் அத்தோட்ட வாழ்வையே களமாகக் கொண்டது.

மூன்றையும் ஒன்றுசேர்த்தால் அந்நாள் கண்முன் எழுகிறது. இருள் பிரியுமுன் பெண்கள் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குகின்றனர். பெரட்டில் பெயர் கூப்பிடுகின்றனர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் விடப்படுகிறது. வெயில் ஏறுமுன் சீவினால்தான் பால் நன்கு வடியும் என்பதால் நிரைக்கு விரைகின்றனர். முந்தைய நாள் கோட்டுப்பாலை உரித்து, உளியால் பட்டையை மெல்லியதாகச் சீவி, மங்கைச் சரிசெய்து, அடுத்த மரத்திற்கு நகர்கின்றனர். வடிவது நின்றபின் பாலை வாளியில் சேர்த்து நிறுவைக்குச் சுமக்கின்றனர். பிற்பகலில் துணி துவைத்தலும் கீரை பறித்தலும். அந்தியில் மாரியம்மன் சன்னிதியில் ஓர் அகல் விளக்கு. அவ்வளவே அந்த நாள்.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன, கோயில்களும் இடம்பெயர்ந்தன. அவ்வாறு பெயரும்போது அம்மன் திருவுருவை மேளதாளத்துடன் எடுத்துச் செல்வோர், பழைய கணக்கு நோட்டுகளைக் குப்பையோடு எரித்துவிடுவதும் உண்டு. 1960இல் இருபது வயதில் உளி பிடித்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். ஏடும் போய், அவரும் போனபின் கேட்பதற்கு எவரும் இரார்.

ஆகவே, கோயில்தோறும் பழைய நோட்டுகளையும் இரசீதுப் புத்தகங்களையும் பூச்சி அரிக்காமல் பாதுகாத்தல் வேண்டும். திருவிழாவிற்கு வரும் மூத்தோருக்குப் பிரசாதம் அளித்தபின், இளையோர் சற்று நேரம் அருகமர்ந்து, ஒரே ஒரு நாளைப் பற்றிக் கேட்டு எழுதி வைப்பார்களாக. அதுவும் அம்மனுக்குச் செய்யும் ஓர் உபயமே ஆகும்.